கைராசியும் ரோபோ கையும்: புரதப் படிகம் வளர்த்த கதை

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரு துளியப் பத்தித்தான். மழைத்துளி இல்ல. ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லுல ஒட்டிக்கிட்டு, தலைகீழா தொங்குற துளி. அளவு ஒரு மில்லிலிட்டர்ல ஆயிரத்துல ரெண்டு பங்கு. அதுக்குள்ள ஒரு படிகம் வளருமா, வளராதான்னு பார்க்கிறதுக்காக இருபதாம் நூற்றாண்டுல எத்தனையோ பேர் மைக்ரோஸ்கோப் முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்திருந்தாங்க. சிலர் ஆறு மாசம். சிலர் பத்து வருஷம். சிலருக்கு வளரவே இல்ல, ஆராய்ச்சித் தலைப்பையே மாத்திக்கிட்டுப் போனாங்க.

அந்தப் படிகத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? நம்ம உடம்புக்குள்ள நடக்கிற வேலையில பெரும்பகுதியைச் செய்றது புரதங்கள். இன்சுலின் ஒரு புரதம், ஹீமோகுளோபின் ஒரு புரதம். ஒரு மாத்திரை வேலை செய்யுதுன்னா, அது பெரும்பாலும் ஏதோ ஒரு புரதத்தோட மடிப்புக்குள்ள போய் உட்காருது. பூட்டோட உள்பக்கம் தெரிஞ்சா சாவி செய்யலாம். ஆனால் புரதம் சாதாரண வெளிச்சத்தில் பார்க்க முடியாத அளவு சிறியது. எக்ஸ்ரே கதிரால் பார்க்கலாம். அதிலும் ஒரு சிக்கல்: ஒரே ஒரு மூலக்கூறில் பட்டுச் சிதறும் எக்ஸ்ரே மிக மிக மங்கலானது. ஸ்கூல் அசெம்ப்ளில ஒரு பையன் மட்டும் பாடினா கேட் வரைக்கும் கேட்காது. ஆயிரம் பேர் ஒரே சுருதில பாடினா தெருவுக்கே கேட்கும். அதே மாதிரி கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒரே திசையில், ஒரே இடைவெளியில் அணிவகுத்து நிற்கணும். அந்த அணிவகுப்புக்குப் பேர்தான் படிகம்.

கற்கண்டு எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும். பாகைக் காய்ச்சி, உள்ள நூலைக் கட்டித் தொங்கவிட்டு, ஆடாம அசையாம வெச்சிருந்தா நூல் மேல படிகம் ஏறும். புரதத்துக்கும் அடிப்படை அதேதான்: கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமா கெட்டியாக்கணும், ஆனா அவசரப்படுத்தக் கூடாது. வித்தியாசம் என்னன்னா, சர்க்கரை மூலக்கூறு சின்னது, உறுதியானது. புரதம் பெருசு, வழவழன்னு இருக்கும், சீக்கிரம் கெட்டுப்போகும். வளர்ந்த படிகத்திலேயே கிட்டத்தட்ட பாதி தண்ணீர்தான். அதுல எந்த உப்பு, எவ்வளவு உப்பு, எவ்வளவு அமிலத்தன்மை, என்ன வெப்பநிலை, என்ன பாலிமர் சேர்க்கணும்... இது எல்லாம் ஒவ்வொரு புரதத்துக்கும் வேற. முன்கூட்டிச் சொல்ற சூத்திரம் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. பெரும்பாலான தடவை கிடைப்பது ஒன்று தெளிந்த நீர், இல்லையென்றால் தயிர் திரிந்த மாதிரி ஒரு அழுக்குப் படிவு.

சூத்திரம் இல்லாத இடத்துல என்ன வரும்? ராசி வரும். சிலர் கை பட்டா செடி தழையும்னு நம்ம ஊர்ல சொல்வோம் இல்லையா, அப்படி ஒரு நம்பிக்கை உலகம் பூரா இருந்த படிக லேப்கள்லயும் இருந்தது. "அவங்க கிட்ட குடு, அவங்க கைக்கு வரும்." இன்னைக்கு நான் சொல்லப்போறது அந்தக் கைராசி ரோபோ கைக்குப் போன கதை. ஆனா ஒண்ணு, ரோபோ அந்த ராசியைக் கத்துக்கிச்சுன்னு நான் நினைக்கல. அது செஞ்சது வேற. தோத்துப்போறதை மலிவாக்கிச்சு. அப்புறம் தோல்விக்கு ஒரு கணக்கு நோட்டு போட்டுச்சு.

முதல்ல கைராசிக் காலம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் என்று ஒரு வேதியியலாளர். பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டு பட்டு, இடது கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். அவர் இடது கைப் பழக்கக்காரர் என்பதையும் சேர்த்துக்குங்க. ஒரு கையை வைத்துக்கொண்டு லேப் வேலையா என்று கேட்டவர்களை அவர் கண்டுகொள்ளவில்லை. 1917இல் யூரியேஸ் என்ற நொதியைத் தனியாகப் பிரிக்க இறங்கினார். அது ஜாக் பீன் என்ற பயற்றில் நிறைய இருக்கும். நம்ம ஊர் வாளவரைக்கு உறவுக்காரச் செடி. லேப்ல குளிர்பெட்டி கிடையாது. அதனால கரைசலை ஜன்னல் விளிம்புல வெச்சுட்டு, ராத்திரி நல்லா குளிரணும்னு வேண்டிக்கிட்டதா அவரே பின்னாடி சொல்லியிருக்கார். ஒன்பது வருஷம் கழித்து, 1926இல், ஆல்கஹாலுக்குப் பதிலாக அசிட்டோனைப் பயன்படுத்தினார். மறுநாள் ஒரு துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், எட்டு முகம் கொண்ட குட்டிக் குட்டிப் படிகங்கள். நொதி என்பதும் ஒரு புரதம்தான் என்று அப்போதுதான் நிரூபணமானது. பெரிய பெயர்கள் பலர் நம்பவில்லை. நோபல் பரிசு வர 1946 ஆனது. ஒரு கரைப்பானை மாத்தினதுக்கு ஒன்பது வருஷம். இந்தக் கணக்கை மனசுல வெச்சுக்குங்க.

அதே 1926இல் ஜான் ஜேக்கப் ஏபல் இன்சுலினைப் படிகமாக்கினார். ஆனால் மற்றவர்கள் செய்தால் வரும், வராது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. 1934இல் டொராண்டோவைச் சேர்ந்த ஸ்காட் காரணத்தைக் கண்டுபிடித்தார்: துத்தநாகம். கரைசலில் கொஞ்சம் துத்தநாகம் இருந்தால் படிகம் வரும். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் பாத்திரத்திலும் ரசாயனத்திலும் தற்செயலாக ஒட்டியிருந்த உலோகத்தின் தயவு. கைராசின்னு சொன்னதுல எவ்வளவு பங்கு இந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத அழுக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

1934இல் நடந்த இன்னொரு சம்பவம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்வீடனின் உப்சாலாவில் ஜான் ஃபில்பாட் என்ற ஆராய்ச்சியாளர் பெப்சின் கரைசலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பனிச்சறுக்குக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு மில்லிமீட்டர் நீளப் படிகங்கள். அங்கே விருந்தாளியாக வந்திருந்த கிளென் மில்லிக்கன் ஒரு குழாயைக் கோட்டுப் பையில் போட்டுக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோய் ஜே. டி. பெர்னாலிடம் கொடுத்தார். பெர்னாலும் டோரதி குரோஃபுட்டும் சேர்ந்து எடுத்த படம்தான் புரதப் படிகம் ஒன்றின் முதல் தெளிவான எக்ஸ்ரே பதிவு. படிகம் காய்ந்தால் அணிவகுப்பு கலைந்துவிடும், அதை அதன் தாய்க் கரைசலோடு ஈரமாகவே வைக்க வேண்டும் என்று பெர்னால் கவனித்ததுதான் திருப்பம். ஒருத்தர் லீவு போட்டதால ஒரு துறையே பிறந்ததுன்னு சொல்லலாம்.

டோரதி குரோஃபுட், கல்யாணத்துக்கு அப்புறம் டோரதி ஹாட்ஜ்கின். 1935இல் இன்சுலின் படிகத்தை எக்ஸ்ரே படம் எடுத்தவர், அதன் முழு அமைப்பையும் வெளியிட்டது 1969இல். 34 வருஷம். அவ்வளவு காலமும் படிகத்துக்காக இல்லை, கணக்குப் போடும் முறையும் கம்ப்யூட்டரும் வர வேண்டியிருந்தது. அந்த 1969 குழுவில் எம். விஜயன் இருந்தார். இந்தியா திரும்பி, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிக ஆய்வை வளர்த்தெடுத்தவர் அவர்தான்.

எழுபதுகள், எண்பதுகளில் இந்த வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். செல் வளர்க்கப் பயன்படும் 24 குழி பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியிலும் அரை மில்லிலிட்டர், ஒரு மில்லிலிட்டர் உப்புக் கரைசல். குழியின் விளிம்பைச் சுற்றி கிரீஸ் பூசணும். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு புரதம், அதன் மேல் குழியிலிருந்து எடுத்த ஒரு சொட்டு. சில்லைத் தலைகீழாகத் திருப்பி கிரீஸ் மேல் அழுத்தி மூடணும். துளியிலிருக்கும் தண்ணீர் மெல்ல ஆவியாகிக் குழிக்குப் போகும், துளி கெட்டியாகும். ஒரு தட்டு போட்டு முடிக்கிறதுக்குள்ள விரல் பூரா கிரீஸ். அப்புறம் தட்டை ஆடாத இடத்தில் வைத்து, தினமும் ஒவ்வொரு குழியாகப் பார்த்து நோட்டில் எழுதணும்: தெளிவு, தெளிவு, படிவு, தூசி, தெளிவு. படிகம்னு சந்தோஷப்பட்டு எடுத்துப் போனா பல நேரம் அது வெறும் உப்பா இருக்கும்.

இந்த இடத்துல ஒரு சுவாரஸ்யமான கருவி வருது. பூனை மீசை. நிஜமாத்தான் சொல்றேன். ஏற்கனவே வளர்ந்த ஒரு படிகத்தை மீசை முடியால் தொட்டு, அதில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத துகள்களோடு புதுத் துளியில் ஒரு கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் புதுப் படிகங்கள் வரிசையாக முளைக்கும். என்ரிகோ ஸ்டூராவும் இயன் வில்சனும் இதை முறையாக எழுதி வைத்தார்கள். பூனை மீசை மெல்லிசா இருக்கும், விறைப்பாவும் இருக்கும், அதான் காரணம். கற்கண்டுப் பாகுல நூல் கட்டுற அதே யோசனைதான். மீசையை மறந்துடாதீங்க, அது மறுபடி வரும்.

இந்தக் குருட்டுத் தேடலுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று முதலில் கணிதமாக யோசித்தவர்கள் சார்லஸ் கார்ட்டரும் சார்லட் கார்ட்டரும், 1979இல். உப்பு, அமிலத்தன்மை, வெப்பநிலை எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துச் சோதித்தால் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் போகும். எல்லாவற்றையும் செய்யாமல், சமமாகப் பரவிய ஒரு சில சேர்க்கைகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்தால் எந்தப் பொருளுக்குச் செல்வாக்கு அதிகம் என்று தெரிந்துவிடும் என்றார்கள். 1991இல் பெர்க்லியின் யார்மிலா யான்சாரிக்கும் சுங்-ஹோ கிம்மும் இன்னும் நடைமுறைக்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்தார்கள். ஏற்கனவே படிகம் தந்ததாகத் தெரிந்த நிலைமைகளைப் பார்த்து 50 கரைசல்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட்டார்கள். எந்தப் புரதம் வந்தாலும் முதலில் இந்த ஐம்பதில் போடு. ஹாம்ப்டன் ரிசர்ச் என்ற கம்பெனி அதைப் பெட்டியாக விற்க ஆரம்பித்தது. ரோபோக்களைப் பத்திப் பேசறவங்க இந்தப் பெட்டியை விட்டுடுவாங்க. என்னைக் கேட்டா, ஆட்டோமேஷன் உண்மையில ஆரம்பிச்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணு. எந்திரம் இல்ல, ஆனா "எதைச் செய்யணும்"ங்கிறது ஒருத்தரோட தலையில இருந்து ஒரு பெட்டிக்கு மாறியாச்சு. பெங்களூருல ஒருத்தரும் பெர்லின்ல ஒருத்தரும் ஒரே ஐம்பதைச் செஞ்சா ஒப்பிட்டுப் பேச முடியும்.

எந்திரம் அதற்குச் சில வருஷம் முன்பே வந்துவிட்டது. 1987இல் காக்ஸ், வெபர் இருவரும் தானாகத் துளி வைக்கும் சோதனைகளைப் பற்றி எழுதினார்கள். 1988இல் வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் கீத் வார்டின் குழு, துளி வைப்பதோடு நிற்காமல் கேமராவால் துளியைப் பார்த்துச் சொல்லும் அமைப்பையும் சேர்த்துக் கட்டியது. கடற்படைக்குப் புரதத்துல என்ன வேலைன்னு எனக்கும் முதல்ல தோணுச்சு; அவங்களோட அடிப்படை அறிவியல் ஆய்வகம் ரொம்பப் பெருசு, அவ்வளவுதான். ஆனா அந்தக் காலத்து ரோபோக்கள் மனுஷன் செய்றதை அப்படியே செய்தன, அதே அளவு துளியோட. கை வலிக்காது, ராத்திரியிலயும் ஓடும். அதைத் தாண்டிப் பெருசா ஒண்ணும் மாறல.

மாறினது துளி சின்னதானப்ப. இதைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம், ஏன்னா மொத்தக் கதையும் இங்கதான் திரும்புது.

மனிதப் புரதம் ஒன்றைச் சுத்தமாகப் பிரித்தெடுப்பது வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு வேலை. கடைசியில் கையில் கிடைப்பது சில மில்லிகிராம். துளிக்கு இரண்டு மைக்ரோலிட்டர், மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் செறிவு என்று வைத்துக்கொண்டால், 1,536 நிலைமைகளைச் சோதிக்க சுமார் 30 மில்லிகிராம் வேணும். பல புரதங்களுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. அதனால் ஐம்பது, நூறோடு நிறுத்திவிடுவார்கள். படிகம் வராவிட்டால் "இந்தப் புரதம் படியாது" என்று எழுதிவிடுவார்கள். துளியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் அதே 1,536க்கு 3 மில்லிகிராம் போதும். அதாவது துளியோட அளவுதான் எத்தனை தடவை தோற்கலாம்ங்கிறதைத் தீர்மானிக்குது.

சின்னத் துளிக்கு ஒரு எதிரி: காற்று. வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நயோமி சாயென், பேட்ரிக் ஷா ஸ்டூவர்ட், டேவிட் ப்ளோ ஆகியோர் 1990 வாக்கில் செய்த தீர்வு அவ்வளவு எளிமையானது: எண்ணெய். துளியைப் பாரஃபின் எண்ணெய்க்கு அடியில் வை. எண்ணெய் மிதக்கும், துளி அடியில் பத்திரமாக இருக்கும். ஊறுகாய் ஜாடில மேல எண்ணெய் நிக்கிற மாதிரி. ஷா ஸ்டூவர்ட் பிறகு இதற்கான ரோபோக்களைத் தயாரிக்கும் கம்பெனியே நடத்தினார்.

அந்த எண்ணெய் யோசனை அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்குப் போனது. பஃபலோவுக்கும் மெட்ராஸுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனோடு சேர்ந்து கொலாஜனின் முப்புரி அமைப்பைச் சொன்ன கோபிநாத் கர்த்தா பிறகு பஃபலோவில் குடியேறினார். அங்கே அவரும் சகாக்களும் 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பை வெளியிட்டார்கள். அதே ஊரிலிருக்கும் ஹாப்ட்மன்-வுட்வர்ட் ஆய்வகத்தில் ஜோ லுஃப்ட், ஜார்ஜ் டெட்டிட்டா ஆகியோர் 2000இல் ஒரு சேவையைத் தொடங்கினார்கள். நீங்க உங்க புரதத்தை ஐஸ்ல வெச்சு கூரியர்ல அனுப்புங்க. நாங்க 1,536 குழி இருக்கிற ஒரே தட்டுல, எண்ணெய்க்கு அடியில, ஒவ்வொரு குழியிலயும் 200 நானோலிட்டர் வெச்சு, வாரக்கணக்கா படம் எடுத்து அனுப்புறோம். நானோலிட்டர்னா மில்லிலிட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்கு. ரோபோ வாங்க வசதியில்லாத சின்ன லேப்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு நினைச்சுப் பாருங்க.

அதே காலகட்டத்தில் மனித ஜீனோம் படிக்கப்பட்டு முடிந்துகொண்டிருந்தது. ஜீன் தெரிந்தாயிற்று, அது செய்யும் புரதத்தின் வடிவம் தெரியாது. அமெரிக்க அரசு 2000இல் புரத அமைப்புகளுக்காக ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கி 2015 வரை நடத்தியது. ஜப்பான் 'புரோட்டீன் 3000' என்று எண்ணிக்கையையே பெயரில் வைத்தது. காசு வந்ததும் ரோபோக்கள் வந்தன. கலிஃபோர்னியாவில் ரே ஸ்டீவன்ஸ் இருந்த குழு, நூறு நானோலிட்டருக்கும் குறைவான துளியில் படிகம் வளர்வதை 2002இல் காட்டியது. சின்னத் துளியில் சின்னப் படிகம்தானே வரும், எக்ஸ்ரேக்குப் போதுமா என்று கேட்டவர்கள் நிறைய. நல்லவேளையா, சின்க்ரோட்ரான்கள் அந்தச் சமயம் போதுமான வெளிச்சமா மாறிக்கிட்டிருந்தது. கேம்பிரிட்ஜ் பக்கத்துல செஞ்ச 'மொஸ்கிட்டோ' ரோபோவை இன்னைக்கும் பல லேப்கள்ல பார்க்கலாம். பேருக்கேத்த கொசு: நுனி நுனியா கோர்த்த ஒரு சுருள், ஒவ்வொரு நுனியும் ஒரு கடி கடிச்சுட்டுக் குப்பைக்குப் போகும். ஒரு தட்டுக்கு ரெண்டு மூணு நிமிஷம்.

விண்வெளிக்கும் போனார்கள். ஈர்ப்பு விசை இல்லாவிட்டால் படிகம் இன்னும் நேர்த்தியாக வளரும் என்ற நம்பிக்கையில், லாரி டெலூகாஸ் என்ற படிக ஆய்வாளர் 1992இல் கொலம்பியா விண்கலத்தில் தானே ஏறிப் போய் மேலே துளிகளைக் கவனித்தார். சில படிகங்கள் மேம்பட்டன, பல மேம்படவில்லை. அதைப் பத்தி இன்னைக்கு இவ்வளவு போதும்.

இப்ப நான் சொல்லப்போறது, கையால செய்யவே முடியாத ஒரு வேலையை ரோபோ செஞ்ச இடம். ஆஸ்துமா இன்ஹேலர் பயன்படுத்தறவங்க உங்கள்ல இருப்பீங்க. அதுல வர்ற சால்பூட்டமால் போய் உட்கார்ற இடம் பீட்டா-2 என்கிற அட்ரினலின் ரிசெப்டர். அது செல்லோட தோலுக்குள்ள, கொழுப்புப் படலத்துல புதைஞ்சிருக்கிற புரதம். வெளியே எடுத்தா சுருண்டு வீணாப்போயிடும். 1996இல் லாண்டாவும் ரோசன்புஷும் ஒரு வழி சொன்னார்கள்: புரதத்தை அதற்குப் பிடித்த கொழுப்பிலேயே வைத்துப் படிகமாக்கு. அருமையான யோசனை. ஆனா அந்தக் கொழுப்புக் கலவை டூத்பேஸ்ட் மாதிரி. பிப்பெட்டில் ஏறாது, ஏறினால் இறங்காது. கையால் செய்பவர்கள் ரெண்டு சிரிஞ்சுகளை முனைக்கு முனை கோத்து அங்கிட்டும் இங்கிட்டும் தள்ளித் தள்ளிக் கலக்கினார்கள். 2004இல் வாடிம் செரெசோவ், மார்ட்டின் கேஃப்ரி ஆகியோர் இந்தப் பசையை நானோலிட்டர் கணக்கில் கண்ணாடித் தட்டில் வைக்கும் ரோபோவைச் செய்தார்கள். செரெசோவ் பிறகு ஸ்டீவன்ஸின் லேபுக்குப் போனார். பல வருஷமாக அந்த ரிசெப்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரையன் கோபில்காவும் அவர்களும் சேர்ந்து 2007இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். கோபில்காவுக்கு 2012 நோபல். பரிசு அந்த ரோபோவுக்கு இல்ல, சரிதான். ஆனா டூத்பேஸ்ட்டை ஆயிரக்கணக்கான புள்ளியா வைக்க எந்தக் கைராசியாலும் முடிஞ்சிருக்காது.

சரி, மீசைக்கு வருவோம். ரோபோக்கள் ஆயிரக்கணக்கில் துளி வைத்தும் பல புரதங்கள் அசைந்து கொடுக்கவில்லை. 2004இல் அயர்ட்டனும் ஸ்டாடர்டும், பிறகு 2007இல் நோவார்ட்டிஸில் இருந்த ஆலன் டார்சியும் சகாக்களும் பழைய வழக்கத்துக்குத் திரும்பினார்கள். கிடைத்த மோசமான படிகத்தை, படிகமா என்றே சந்தேகமாக இருப்பதைக் கூட, நொறுக்கித் தூளாக்கு. அந்தத் தூளை ரோபோவிடம் கொடுத்து, புதிதாகப் போடும் எல்லாக் குழியிலும் ஒரு துளி விதையாகச் சேர்க்கச் சொல். முன்பு ஒரு படிகமும் தராத நிலைமைகளில் கூட நல்ல படிகங்கள் முளைத்தன. பூனை மீசைக்காரங்க ஒரே துளில செஞ்சதை, ரோபோ தொண்ணூத்தாறு துளிலயும் செஞ்சது. அனுபவசாலிகளோட கைப்பழக்கம் காணாமப் போகல. எழுதி வைக்கக்கூடியதா மாறிச்சு, அதனால எந்திரத்துக்கும் சொல்லிக்கொடுக்க முடிஞ்சது.

இனி யார் பார்ப்பது? துளி வைக்க நிமிஷக் கணக்கு. ஆனால் ஒரு தட்டுக்கு 1,536 படம், அதை வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப எடுத்தால் ஒரே புரதத்துக்குப் பல ஆயிரம் படங்கள். பார்க்கிற மனுஷனுக்குக் கண் பூத்துப்போகும். இரண்டு நிபுணர்கள் ஒரே படத்தைப் பார்த்து ஒருவர் படிகம் என்பார், இன்னொருவர் படிவு என்பார். 2018இல் மார்க்கோ என்ற முயற்சி வெளியானது. பஃபலோ ஆய்வகம், ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., சில பெரிய மருந்துக் கம்பெனிகள் எல்லாரும் தங்கள் படங்களைக் கொட்டினார்கள், கிட்டத்தட்ட ஐந்து லட்சம். கூகுள் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். படிகம், படிவு, தெளிவு, மற்றவை என்று நான்கு பெட்டிகளில் பிரிப்பதில் 94 சதவீதம் சரியாக வந்தது.

இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்த ஐந்து லட்சம் படங்களில் மிகப்பெரும்பகுதி தோல்விகள். படிகம் எப்படி இருக்கும் என்று எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க, படிகம் இல்லாதது எப்படி இருக்கும் என்று லட்சக்கணக்கில் காட்ட வேண்டியிருந்தது. சம்னரோட ஒன்பது வருஷத் தோல்விகள் எங்க போச்சு? ஜன்னல் விளிம்போட போச்சு. உலகத்தின் புரத அமைப்புகளைச் சேமிக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இல் 7 அமைப்புகளோடு தொடங்கி 2023இல் 2 லட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொரு பதிவிலும் படிகம் வந்த நிலைமை பற்றிப் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். வராத நிலைமைகளைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அந்தச் சேமிப்பைப் படித்துத்தான் ஆல்ஃபாஃபோல்ட் மாதிரியான நிரல்கள் புரதத்தின் வடிவத்தை இன்று ஊகிக்கின்றன, 2024இல் அதற்கு நோபலும் கிடைத்தது. ஆனா அதே டேட்டாவை வெச்சு "இந்தப் புரதம் எந்தக் கரைசல்ல படிகமாகும்"னு கேட்டா நல்ல பதில் வராது. ஜெயிச்ச மேட்ச் ஸ்கோரை மட்டும் வெச்சுக்கிட்டு ஒரு டீம் ஏன் தோக்குதுன்னு கண்டுபிடிக்கச் சொல்ற மாதிரி. படிகத் துறைக்குத் தோல்வியைச் சேர்த்து வைக்கக் கிடைச்ச நல்ல வழி ரோபோதான். அதுக்கு வெட்கம் கிடையாது. பார்த்ததை எல்லாம் பதிவு பண்ணும். எந்த லேப் அந்தப் பதிவை வெளியே கொடுக்கும்ங்கிறது வேற பிரச்சினை, அது எந்திரத்தோட பிரச்சினை இல்ல.

கடைசியா 2020. ஷாங்காயில் ட்ஸிஹே ராவோவின் குழு கொரோனா வைரஸின் முக்கியமான நொதி ஒன்றைப் படிகமாக்கி, அதன் அமைப்பைப் பிப்ரவரி தொடக்கத்திலேயே எல்லாருக்கும் திறந்துவிட்டது. இங்கிலாந்தின் டைமண்ட் சின்க்ரோட்ரானில் ஒரு குழு அதே நொதியின் படிகங்களை ஏராளமாக வளர்த்தது. ஒலி அலையால் நானோலிட்டர் துளியைக் குறிபார்த்து எறியும் எந்திரம் ஒன்று, எதையும் தொடாமலே, ஒவ்வொரு படிகத் துளியிலும் ஒரு சின்ன மூலக்கூறைச் சேர்த்தது. 1,200க்கும் மேற்பட்ட மூலக்கூறுகளைச் சோதித்ததில், நொதியின் வேலை செய்யும் பள்ளத்தில் 71 ஒட்டிக்கொண்டன.

ஆனா அங்கேயும் ஒரு வேலையை எந்திரம் முழுசா எடுத்துக்கல. துளியிலிருந்து படிகத்தை எடுப்பது. தலைமுடியை விட மெல்லிய வளையத்தால் அதை மீன் பிடிப்பது போல அள்ளி, உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். கிரெனோபிளில் இதற்கும் ஒரு ரோபோ உண்டு. படிகத்தை ஒரு மெல்லிய தாளின் மேல் வளர்த்து, லேசரால் தாளோடு வெட்டி எடுக்கிறது. டைமண்டில் வேறு வழி எடுத்தார்கள். 'ஷிஃப்டர்' என்ற விலை குறைந்த கருவி. தட்டை நகர்த்துவது, அடுத்த குழியை மைக்ரோஸ்கோப்புக்கு நேரே கொண்டுவருவது, மூடியைத் திறப்பது மூடுவது, எதை எங்கே எடுத்தோம் என்று எழுதிக்கொள்வது எல்லாம் அதன் பொறுப்பு. வளையத்தைத் துளிக்குள் இறக்கிப் படிகத்தை அள்ளுவது மட்டும் மனிதக் கை. அந்தக் கை ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கும் மேல் படிகங்களை அள்ளுகிறது.

அள்ளிய படிகத்துக்கு எக்ஸ்ரே கூண்டுக்குள்ள என்ன நடக்குதுங்கிறது தனி எபிசோடு. அடுத்த வாரம் பார்ப்போம்.